மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயில்: ஜன்னலுக்கு வெளியே இருப்பதைத் தவறவிடாமல் போய்வர ஒரு வழிகாட்டி

இந்த மலை ரயிலை ஒழுங்காகப் பார்க்க எனக்கு மூன்று பயணம் ஆனது. முதல் தடவை ஊட்டியில் தங்கியிருந்தபோது, கூட வந்த வாடகைக் கார் டிரைவர் "மலை ரயில்ல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, நான் குன்னூர்ல வந்து நிக்கிறேன்" என்று சொன்னார், நாங்களும் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்துவிட்டு, மலை ரயில் பார்த்தாயிற்று என்று ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொன்னோம். அப்புறம் என் சித்தப்பாதான் கேட்டார், "பல் தண்டவாளம் பார்த்தீங்களா? நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுச்சா?" இரண்டுமே இல்லை. இரண்டாவது தடவை வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு அம்மாவையும் அழைத்துக்கொண்டு விடியற்காலையில் மேட்டுப்பாளையம் வந்து நின்று, ஏற முடியாமல் பஸ்ஸில் போனோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த வண்டி புகை விட்டுக்கொண்டு கிளம்பியதை அவர் பார்த்துக்கொண்டே நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. மூன்றாவது தடவை எல்லாம் கூடி வந்தது. அந்த மூன்று பயணத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த வண்டி என்பதில் முதலில் தெளிவாகுங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மொத்தம் 46 கிலோமீட்டர். இதில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 28 கிலோமீட்டர், குன்னூர் முதல் ஊட்டி வரை சுமார் 18. குன்னூர் வரைதான் நீராவி இன்ஜின், அதுவும் கல்லாறு தாண்டினால்தான் பல் தண்டவாளம், அதாவது நடுவில் பற்கள் வெட்டிய பட்டை உள்ள பாதை, தொடங்குகிறது. அடர்ந்த காடு, பள்ளத்தாக்கு, பெரும்பாலான குகைகள் (மலையைக் குடைந்த சுரங்கப்பாதைகள்), உயரமான பாலங்கள் எல்லாமே இந்தக் கல்லாறு – குன்னூர் பகுதியில்தான். குன்னூருக்கு மேல் டீசல் இன்ஜின் இழுக்கும், அங்கே தேயிலைத் தோட்டமும் ஊர்களும் காய்கறி வயல்களும். அதுவும் அழகுதான், ஆனால் வேறு மாதிரி அழகு.

குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் ஒரு நாளைக்குச் சில வண்டிகள் ஓடுகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் வழக்கமான வண்டி ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, காலை 7.10 மணிக்கு. கோடை சீசனில் சிறப்பு வண்டிகள் சில நாள் விடுவார்கள், கட்டணம் கூடுதலாக இருக்கும். உங்கள் டூர் திட்டத்தில் யாராவது "டாய் டிரெயின்" என்று மட்டும் எழுதித் தந்தால், எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் வரை என்று உடனே கேளுங்கள். நிறையப் பேர் நான் முதலில் செய்த மாதிரியே ஊட்டி – குன்னூர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு வழிதான் போக முடியும் என்றால் ஏறும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

2. மாதம் பார்த்து நாள் குறியுங்கள்

இந்த மலைச்சரிவு கிழக்குப் பார்த்தது. அதனால் குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மண்சரிந்து தண்டவாளத்தில் பாறை விழுந்து வண்டியை ரத்து செய்வது கிட்டத்தட்ட வருஷா வருஷம் நடக்கிறது, சில சமயம் சீர்செய்ய நாள்கணக்கில் ஆகும். அந்த மாதங்களில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் போங்கள், ஆனால் ரயில் இல்லாவிட்டாலும் பயணம் கெடாதபடி திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தங்கும் அறையை ரயில் நேரத்தோடு இறுக்கிக் கட்டிவிடாதீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் மலைக்கே கூட்டம் தாங்காது, மே மாதம் மலர்க் கண்காட்சியும் சேர்ந்துகொள்ளும். டிக்கெட் கிடைப்பது மிகக் கஷ்டம்.

என் கணக்கில் நல்ல காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரை. வானம் தெளிவாக இருக்கும், பள்ளத்தாக்கு கீழே வரை தெரியும். ஆனால் காடு கொஞ்சம் காய்ந்து, ஓடைகளில் தண்ணீர் குறைவாக இருக்கும். பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுவதையும் பச்சையையும் பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர் நன்றாக இருக்கும், மூடுபனிக்கு மட்டும் தயாராக இருங்கள். வார நாளாகப் பார்த்துப் போடுங்கள், சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

3. டிக்கெட்: 60 நாளுக்கு முன்பு, காலை 8 மணிக்கு

இந்தப் பயணத்தில் கஷ்டமான ஒரே வேலை இதுதான். இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். காலண்டரில் எண்ணிக் குறித்துக்கொண்டு, அன்றைக்குக் காலை 7.45-க்கே ஐஆர்சிடிசி கணக்கில் நுழைந்து உட்காருங்கள்.

அதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை சில. உங்கள் கணக்கை ஆதாரோடு சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு திறக்கும் நாளின் ஆரம்ப நேரம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று 2025 அக்டோபரில் விதி வந்துவிட்டது, அன்று காலையில் போய் ஓடிபி வரவில்லை என்று தவித்தால் அதற்குள் இடம் போய்விடும். வருகிறவர்களின் பெயர், வயதை "மாஸ்டர் லிஸ்ட்" பகுதியில் முன்கூட்டியே ஏற்றி வைத்துவிட்டால் தட்டச்சு செய்யும் நேரம் மிச்சம். ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் ஆறு பேர்தான், அதனால் எட்டு பத்து பேராகப் போகிறவர்கள் இரண்டு கணக்கிலிருந்து ஒரே நேரத்தில் போடுங்கள்.

ஸ்டேஷன் பெயரில் ஒரு குழப்பம் வரும். தளத்தில் ஊட்டி "உதகமண்டலம்" என்றுதான் இருக்கும், குறியீடு யு.ஏ.எம். மேட்டுப்பாளையம் எம்.டி.பி., குன்னூர் ஓ.என்.ஆர். குறியீட்டைப் போட்டுத் தேடினால் தப்பு வராது.

குன்னூரில் இறங்கிவிடப்போகிறவர்கள்கூட மேட்டுப்பாளையம் – உதகமண்டலம் என்று முழுத் தூரத்துக்கே போடுங்கள் என்பது என் யோசனை. தொடக்கத்திலிருந்து கடைசி வரை போடும் டிக்கெட்டுக்குத்தான் பெரும்பாலான இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும், வெயிட்டிங் லிஸ்ட்டும் அதில்தான் வேகமாக நகரும்.

கட்டணம்: செகண்ட் சிட்டிங் ஓர் ஆளுக்குச் சுமார் 300 ரூபாய், ஃபர்ஸ்ட் கிளாஸ் சுமார் 600 ரூபாய். பணம் கட்டும் பக்கத்தில் சேவைக் கட்டணம் கொஞ்சம் சேரும். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் இடமும் கிடையாது. அந்த நெருக்கமான பெஞ்சில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருப்பது சுலபமில்லை, முடிந்தால் அதற்கும் ஓர் இடம் போட்டுவிடுங்கள். மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகை 2020 மார்ச்சிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது, அப்பா அம்மாவுக்கும் முழுக் கட்டணம்தான்.

இப்போது வெயிட்டிங் லிஸ்ட் பற்றி. ஆன்லைனில் எடுத்த டிக்கெட், சார்ட் (யார் யாருக்கு இடம் என்ற கடைசிப் பட்டியல்) போட்ட பிறகும் எல்லோருக்கும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் அது தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டியில் ஏற முடியாது, ஏறினால் டிக்கெட் இல்லாத பயணி கணக்கில் அபராதம். காலை வண்டி என்பதால் சார்ட் முதல் நாள் இரவே வந்துவிடும். தூங்கப் போகும் முன் பாருங்கள். நான் இதைப் பார்க்காமல் "4-வது நம்பர்தானே, எப்படியும் கன்ஃபர்ம் ஆகும்" என்று அம்மாவோடு போய் நின்றேன். இது ஒவ்வொரு பெட்டியிலும் 72 பேர் போகும் பெரிய வண்டி இல்லை, சில சின்னப் பெட்டிகள்தான். கடைசி நேரத்தில் விட்டுக்கொடுப்பவர்களும் குறைவு. வெயிட்டிங் 4 என்பது இங்கே நிஜமாகவே பெரிய நம்பர்.

முன்பதிவில்லாத டிக்கெட்டும் காலையில் மேட்டுப்பாளையம் கவுன்டரில் கொஞ்சம் கொடுப்பார்கள். அதற்கு இருட்டோடு வந்து வரிசையில் நிற்க வேண்டும், அப்படியும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தனியாளாக, நேரம் இருக்கிறது என்றால் முயன்று பாருங்கள். வயதானவர்களை அழைத்துக்கொண்டு வேண்டாம்.

ஏஜெண்ட் யாராவது "கன்ஃபர்ம் பண்ணித் தர்றோம்" என்று இரண்டு மடங்கு பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வேறு யாரோ பெயரில் எடுத்த டிக்கெட்டைத் தந்துவிட்டால் அடையாள அட்டை கேட்கும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

4. எந்த வகுப்பு, எந்தப் பக்கம்

ஏறும்போது நீராவி இன்ஜின் வண்டியின் பின்னால் இருந்து தள்ளும். அதனால் வண்டியின் முன்பக்கம் மறைப்பே இல்லை. ஃபர்ஸ்ட் கிளாஸ் அந்த முன் பெட்டியில் இருக்கும், முன் வரிசை கிடைத்தவர்களுக்குத் தண்டவாளம் நேராக மலைக்குள் ஏறிப்போவது கண்ணெதிரே தெரியும். இரண்டு மடங்கு கொடுக்க அது தகுதியானதுதான். ஆனால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றாலே முன் வரிசை என்று அர்த்தமில்லை, நான்கைந்து பேருக்குத்தான் அந்த இடம். செகண்ட் கிளாஸில் ஒரு நன்மை இருக்கிறது: இன்ஜின் பக்கத்துப் பெட்டி கிடைத்தால் அது மூச்சு வாங்குவதை முழுக்கக் கேட்டுக்கொண்டே போகலாம். எனக்கு அதுதான் பிடித்தது. கண்ணுக்குக் கொடுப்பதா காதுக்குக் கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். காதுக்குக் கொடுத்தால் கரித்துகளும் எண்ணெய்ப் புகையும் மேலே படும், வெள்ளைச் சட்டை போடாதீர்கள்.

இதிலிருந்துதான் ஏறும் வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காரணம் வருகிறது. இறங்கும்போது இன்ஜின் முன்னால் வந்துவிடும், அது பிரேக் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும். ஏறும்போது அது படும் பாடு, அந்தச் சத்தம், இறங்கும்போது இல்லை. அதோடு ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டி மதியம் 2 மணிக்கு, பிற்பகலில் பள்ளத்தாக்கை மூடுபனி மறைத்துவிடும் நாட்கள் அதிகம்.

பக்கம் என்று கேட்டால், குன்னூர் வரை இடது பக்கம், குன்னூருக்கு அப்புறம் வலது பக்கம். வண்டி வளைந்து வளைந்து போவதால் எந்தப் பக்கம் இருந்தாலும் முழுக்க ஏமாற மாட்டீர்கள், மொத்தம் 208 வளைவுகள். டிக்கெட் போடும்போது ஜன்னல் கேட்டாலும் கிடைக்கும் என்று இல்லை. எதிரில் இருப்பவரிடம் முதலிலேயே பேசி, குன்னூர் வரை நீங்கள், அப்புறம் நாங்கள் என்று மாற்றிக்கொள்வதுதான் நடைமுறை வழி. எங்களோடு வந்த ஈரோட்டுக் குடும்பம் சந்தோஷமாக ஒத்துக்கொண்டது, அவர்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் ஜன்னல் கொடுத்தோம்.

5. காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் இருப்பது எப்படி

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, இரவு 9 மணி வாக்கில் சென்ட்ரலில் கிளம்பி காலை 6.15 வாக்கில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். இதற்கும் அதே 60 நாள் கணக்கு, ஆனால் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புவதால் ஒரு நாள் முன்னதாகவே முன்பதிவு திறக்கும். முதலில் இதைப் போட்டுவிட்டு மறுநாள் மலை ரயில் கிடைக்காவிட்டால் இதை ரத்து செய்ய வேண்டிவரும், அந்தத் துணிவோடுதான் போட வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து 35 கிலோமீட்டர்தான், ஆனால் காலையில் அங்கிருந்து கிளம்பும் உள்ளூர் ரயிலை நம்பாதீர்கள், 7.10-க்கு முன் கொண்டுவந்து சேர்க்காது. அந்த வழியாக வரும் நீலகிரி எக்ஸ்பிரஸை விட்டால் விடியற்காலை பஸ் அல்லது கார்தான். ஒரு மணி நேரம் பிடிக்கும், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள், பிள்ளைகள் இருந்தால் முதல் நாள் இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிடுவது நல்லது, ஸ்டேஷன் பக்கத்திலேயே சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன.

6.30-க்கு ஸ்டேஷனில் இருங்கள். கழிப்பறையை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், மலை ரயில் பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, சர்க்கரை நோய் இருப்பவர்கள், சின்னப் பிள்ளைகள் வருகிற வீடுகளில் இது பெரிய விஷயம். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனிலும் குன்னூரிலும் இறங்கிப் போகலாம்.

6. கையில் என்ன வைத்திருக்க வேண்டும்

அசல் அடையாள அட்டை ஒன்று. ஒரு டிக்கெட்டில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து ஒருவருடைய அட்டை போதும், ஆதாரோ வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ. ஜெராக்ஸ் செல்லாது. டிக்கெட் விவரம் வந்த குறுஞ்செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னல் போய்விடும்.

நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டுமே என்று பலர் கேட்கிறார்கள். 2024 மே மாதம் வந்த அந்த இ-பாஸ் வெளியூர் வாகனங்களுக்கு. ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு வேண்டாம். ஆனால் நீங்கள் ரயிலில் ஏறிக்கொண்டு, உங்கள் காரை டிரைவர் மேலே கொண்டுவருவதாகத் திட்டம் என்றால் அந்தக் காருக்குக் கண்டிப்பாக வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் இருக்கிறது, கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.

பெட்டி சின்னது, பெரிய சூட்கேஸுக்கு இடமில்லை. தோளில் மாட்டும் பை போதும். ஸ்வெட்டரைப் பையின் மேலேயே வையுங்கள், மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும், மேலே போகப் போகக் குளிர் ஏறும். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, அபராதமும் உண்டு. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு இட்லியோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போனால், ஹில்குரோவ் வருவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அங்கே குரங்குகள் காத்திருக்கும்.

7. வழியில் என்ன, எப்போது

இதற்காகத்தான் இவ்வளவும். மொபைலை முடிந்தவரை உள்ளே வைத்துவிடுங்கள். நான் முதல் அரை மணி நேரம் வீடியோ எடுத்தேன், அதற்குள் பவானி ஆறு போய்விட்டது.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் வரும் பாலம் பவானி ஆற்றின் மேல். உட்கார்ந்து பை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்துவிடும் என்பதால் முக்கால்வாசிப் பேர் தவறவிடுகிறார்கள். அதற்கப்புறம் பாக்குத் தோப்புகள், எதிரில் சுவர் மாதிரி மலை. இவ்வளவு பெரிய மலையில் இந்தச் சின்ன வண்டி எங்கே நுழையப்போகிறது என்று தோன்றும்.

கல்லாறு சுமார் 7.30-க்கு. இங்கே வண்டி நிற்கும், தண்ணீர் பிடிப்பார்கள். கிளம்பியதும் கீழே இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பாருங்கள், பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை ஆரம்பிக்கும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அதில் கடித்துக்கொண்டு ஏறும். 12 அடி போனால் ஓர் அடி ஏறும் சரிவு, சாதாரண இரும்புச் சக்கரம் வழுக்கிவிடும். பல் பிடித்த அந்த நிமிஷம் சத்தமே மாறிவிடும், வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நிதானமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும்.

இங்கிருந்து வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் வெளியே ஒரு சின்ன மேடையில் பிரேக்ஸ்மேன் நிற்பார். இன்ஜின் ஊதும் விசிலைக் கேட்டு, அதற்குத் தக்கபடி கைப்பிரேக்கைச் சுற்றுவதும் தளர்த்துவதும், முன்னால் இருப்பவர் கொடியைக் காட்டுவதும், பின்னால் வரிசையாக அதை வாங்கி வாங்கிக் காட்டுவதும் என்று நாள் முழுக்க வெயிலிலும் மழையிலும் அப்படியே நின்று வருகிறார்கள். ஜன்னலில் தலையை நீட்டி அவர்களுடைய பார்வையை மறைக்காதீர்கள், குகைக்குள் நுழையும்போது தலை நீட்டுவது உங்களுக்கும் ஆபத்து.

குகைகள் மொத்தம் 16, பாலங்கள் 250. எண்ணிக்கொண்டே போகச் சொன்னால் பிள்ளைகள் அலுக்காமல் வருவார்கள். குகையில் எல்லோரும் கத்துவார்கள், சேர்ந்து கத்துங்கள். ஆனால் குகை முடிகிற இடத்தில் கண்ணைத் திறந்து தயாராக இருங்கள், பல குகைகள் திறந்த உடனே பாலம் வருகிறது, இருட்டிலிருந்து நேராக ஆழமான பள்ளத்துக்கு மேலே வந்துவிடுவோம்.

ஆடர்லியில் மறுபடி தண்ணீருக்கு நிறுத்துவார்கள். இடது பக்கம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். மூங்கில், பலா, பெயர் தெரியாத உயரமான காட்டு மரங்கள், எதிர்ச் சரிவில் நூல் மாதிரி குன்னூர் சாலை, அதில் ஊர்ந்து போகும் பஸ்கள். இரண்டாவது தடவை நாங்கள் போன பஸ்ஸும் அந்தச் சாலையில்தான் போனது, அதிலிருந்து அம்மா ரயில் தெரிகிறதா என்று தேடிக்கொண்டே வந்தார். யானைகள் நடமாடும் காடு இது. கண்ணில் படுவது அதிர்ஷ்டம், ஆனால் தண்டவாளத்து ஓரத்தில் உடைத்துப்போட்ட மூங்கிலையும் சாணத்தையும் கவனித்துப் பார்த்தால் தெரியும்.

ஹில்குரோவில் பத்து நிமிஷம் போல நிற்கும். டீ, வடை, பஜ்ஜி கிடைக்கும், கழிப்பறை இருக்கிறது. நான் சொல்வது, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு நேராக வண்டியின் பின்பக்கம் நடந்து இன்ஜினைப் போய்ப் பாருங்கள். இவற்றில் பழையவை சுவிட்சர்லாந்தில் செய்தவை, பிற்பாடு வந்தவை நம் திருச்சி பொன்மலைப் பணிமனையில் கட்டியவை. தூரத்தில் நின்று பாருங்கள், கொதிநீரும் ஆவியும் பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். விசில் கேட்டதும் ஓடி வந்து ஏறிவிடுங்கள். கீழே தண்டவாளத்தில் இறங்கி செல்ஃபி எடுக்காதீர்கள், அது குற்றம், நிற்கும் வண்டி எப்போது அசையும் என்றும் தெரியாது.

ரன்னிமேடு வரும்போது காற்று மாறியிருக்கும். காடு விலகி முதல் தேயிலைச் சரிவுகள் தெரிய ஆரம்பிக்கும். குன்னூர் நெருங்க நெருங்கத் தேயிலைக்கு நடுவே காட்டுமாடுகள் மேய்வதைப் பார்க்கலாம், கரும்பாறை மாதிரி அசையாமல் நிற்கும், கால் மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும்.

குன்னூர் சுமார் 10.30. இங்கே கண்டிப்பாக இறங்குங்கள். நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டுவார்கள், ஷெட்டில் வேறு நீராவி இன்ஜின்களும் நிற்கும். அதற்குள் வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் வாங்கிக்கொள்ளலாம், சூடாக டீயோடு தொட்டுச் சாப்பிட அதைவிட நல்லது இந்த மலையில் இல்லை. திரும்பி வந்ததும் மறக்காமல் எதிர் சீட்டுக்காரரோடு இடம் மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி கிளம்பியதும் பின்னோக்கிப் போகும், பயப்படாதீர்கள், கொஞ்ச தூரம் பின்னால் போய்த்தான் ஊட்டிப் பாதையைப் பிடிக்கும்.

வெலிங்டன் ராணுவ ஊர், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. இரண்டு இடத்திலும் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். அதற்கப்புறம் கேத்தி. வலது பக்கத்தை விடாதீர்கள். பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள், கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், உருளைக்கிழங்கு, நடுநடுவே வண்ண வண்ணமாக வீடுகள். காட்டைப் பார்த்து அமைதியாக வந்த அம்மா இங்கேதான் பேச ஆரம்பித்தார், "இவ்வளவு சரிவுல எப்படிடா தண்ணி பாய்ச்சுவாங்க?" என்று.

லவ்டேல் சின்ன ஸ்டேஷன், கற்பூர மரங்களின் (யூகலிப்டஸ்) வாசனை ஜன்னல் வழியே வரும். அதற்கப்புறம் வண்டி ஊட்டியை நோக்கிக் கொஞ்சம் இறங்கும். ஃபெர்ன்ஹில் தாண்டியதும் ஊட்டி ஏரி தெரியும், தெரிந்தால் பையை எடுத்துக்கொள்ளுங்கள், 12 மணி வாக்கில் ஸ்டேஷன்.

8. திரும்புவது

அன்றைக்கே 2 மணி வண்டியில் திரும்பும் திட்டம் போடாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் ஊட்டியில் சாப்பிட மட்டும்தான் முடியும், மாலை 5.35 வரை மறுபடி அதே பெஞ்சில் உட்கார உடம்பு கேட்காது. ஓர் இரவாவது தங்கிவிட்டு பஸ்ஸில் இறங்குங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பஸ் நிலையம், மேட்டுப்பாளையத்துக்கும் கோயம்புத்தூருக்கும் அரசு பஸ் அடிக்கடி இருக்கிறது, கட்டணம் ரயிலை விடக் குறைவு. வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டியவர்கள் சீசனில் ஐந்து மணி நேரமாவது கையில் வைத்துக் கிளம்புங்கள், மலைப்பாதை நெரிசலில் நிற்கும் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

9. வண்டி ரத்தானால்

மழைக்காலத்தில் முதல் நாள் மாலையிலிருந்தே செய்திகளைப் பாருங்கள், கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வரும். ரயில்வே தானே ரத்து செய்தால் ஆன்லைன் டிக்கெட்டின் பயணக் கட்டணம் முழுதும் தானாகத் திரும்பிவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். பதற்றத்தில் நீங்களே முந்திக்கொண்டு "ரத்து" பொத்தானை அழுத்திவிடாதீர்கள், அப்படிச் செய்தால் அது நீங்கள் ரத்து செய்ததாகி, கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் ஆறு பேருக்கு இப்படிப் பணம் போனது.

அன்றைக்கு மேட்டுப்பாளையம் வந்துவிட்டீர்கள், வண்டி இல்லை என்று தெரிந்தால், பஸ்ஸில் ஊட்டிக்குப் போய்விட்டு மறுநாள் ஊட்டி – குன்னூர் வண்டி ஓடுகிறதா என்று கேளுங்கள். கீழே மண்சரிவு என்றாலும் மேல் பகுதி பல சமயம் ஓடும். அதற்கு ஸ்டேஷன் கவுன்டரிலேயே முன்பதிவில்லாத டிக்கெட் கிடைக்கும், வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு போய் நின்றால் போதும். ஊட்டியிலிருந்து போகும்போது கேத்திப் பள்ளத்தாக்கு இடது பக்கம் வரும்.